கரிகாலன் கொலையும் கற்போர் ஊகமும்

தொடராக வெளிவரும் கதைக்கு முடிவு இரண்டு உண்டு. ஆசிரியன் எழுதுவது ஒன்று. அவன் எழுதி முடிக்குமுன் கற்போர் தம் மனத்தில் எழுதிக்கொள்வது மற்றொன்று. திறனாய்வாளர் முன்னதனையே பொருளாகக் கொண்டு, பின்னதனைப் பொழுதுபோக்கென ஒதுக்குவர். அங்ஙனம் ஒதுக்குதல் தகாது என்பதும், அவ்வூகங்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல என்பதும் எம் கருத்து. அதனை ஒரு கதையின்கண் வைத்து ஆராய்வாம்.

இவ்வூக வழக்கம் இக்காலத்துத் தொலைக்காட்சியால் பெருகிற்று. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, 1990களில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்ம தேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்னும் தொடரை நினைவுகூர்வார் இன்றும் பலர். குதிரைமீது வந்து தண்டிப்பது காவல் தெய்வமோ மனிதனோ என்று வாரந்தோறும் வீடுகளில் வழக்காடினர். அவ்விருவரும் பின்னர் அளித்த மற்றொரு தொடரின் பெயர் 'சிதம்பர ரகசியம்'. சிதம்பரத்தில் வாழும் எமக்கு அப்பெயர் சிறிது நகை விளைப்பது. எம்மூர்க் கோயிலில் திரை விலகினால் காணப்படுவது வெளியும் ஆண்டுத் தொங்கும் பொன் வில்வ மாலையுமே. தொலைக்காட்சித் தொடரிலோ, திரை விலகும்போது ஒருவன் அகப்பட்டே தீர்தல் வேண்டும்.

எனினும் தமிழ்நாட்டில் மிக நீண்ட காலம் நின்று நிலவும் முடிவு வழக்கு தொலைக்காட்சியினுடையது அன்று. அது ஒரு வார இதழில் தோன்றியது. அவ்வழக்கின் நிலமும் சான்றும் கடலூர் மாவட்டத்திலேயே உள்ளன. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவையே குறிக்கின்றோம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரந்தோறும் வெளிவந்தது. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்கும் கதை, அன்றிரவே கடம்பூர் மாளிகையை அடைகின்றது. கரிகாலன் மாள்வதும் அக்கடம்பூர் மாளிகையிலேயே. மூன்றாம் பகுதிக்குக் 'கொலை வாள்' என்று பெயர் சூட்டிய ஆசிரியர், அப்பகுதியில் அக்கொலையை நிகழ்த்தாமல் கற்போரைக் காக்க வைத்தார். நிகழ்த்திய போதோ, விளக்கணைந்த இருளில் நிகழ்த்தினார். 2022 செப்டம்பரில் வெளியான திரைப்படத்தின் முதற் பகுதிக்கும் 2023 ஏப்ரலில் வெளியான இரண்டாம் பகுதிக்கும் இடைப்பட்ட ஏழு திங்களில் இப்பழைய வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. கதையைப் படித்தோரும் படியாதோரும் அதில் கலந்துகொண்டனர்.

அந்நாளில் கடலூரில் வாசகர் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். சோழர் காலத்து இலக்கியம் பற்றிப் பேச அழைத்திருந்தனர். பேச்சு முடிந்ததும் எழுந்த வினாக்கள் அனைத்தும் கொலையைப் பற்றியனவே. நந்தினி என்றார் ஒருவர். இரவிதாசன் என்றார் மற்றொருவர். ஓர் இளைஞர், குந்தவையும் அருண்மொழியும் சேர்ந்து செய்வித்தனர் என்று உறுதியாகக் கூறினார். சான்று யாது என்றோம். "பயன் அடைந்தவர் யார் என்று பாருங்கள், ஐயா" என்றார். அவர் கூறியது கதையைப் பற்றியதா, வரலாற்றைப் பற்றியதா என்று வினவினோம். இரண்டும் ஒன்றே என்பதுபோல் எம்மை நோக்கினார். அந்நோக்கே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஊகத்திற்குத் தமிழில் மதிப்பு இல்லாமல் இல்லை. தொல்காப்பிய மரபியல் கூறும் உத்தி முப்பத்திரண்டனுள் உய்த்துக்கொண்டுணர்தல் ஒன்று. சொல்லியது கொண்டு சொல்லாதது உணர்தல் அதன் இயல்பு. உரையாசிரியர்கள் தம்முள் மாறுபட்டு நின்ற இடங்கள் பலவற்றில் அவர்கள் செய்தது இதுவே. ஆனால் அவர்கள் நூலின் சொல்லிலிருந்து புறப்பட்டனர். பயனடைந்தவனே கொலைஞன் என்பது நூலிலிருந்து புறப்படுவது அன்று. அது துப்பறியும் கதைகளிலிருந்து பெற்ற ஒரு வாய்பாடு. அவ்வாய்பாட்டைக் கொண்டு எந்நூலிலும் எவரையும் குற்றவாளியாக்கலாம்.

இனிச் சான்றினைக் காண்போம். சிதம்பரத்திற்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது. அவன் அரியணை ஏறியது 985இல் ஆதலின், அது கொலை நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகட்குமேல் கழிந்து பொறிக்கப்பட்டது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சுட்டுகின்றது. பின்பு அவர்தம் மக்கள், மனைவியர், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர் எனச் சுற்றத்தாரை ஒவ்வொரு முறையாக அடுக்கிச் செல்கின்றது. வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணை அதில் இடம்பெறுகின்றது. இவர்களுடைய நிலம் விலைப்பட்டுக் கோயில் அறத்திற்குச் சென்ற செய்தியே கல்வெட்டின் பொருள்.

இக்கல்வெட்டை ஊகஞ்செய்வோர் கொலை வழக்கின் தீர்ப்பெனப் படிக்கின்றனர். அது தீர்ப்பு அன்று, நில ஆவணம். கொலை எவ்விடத்து நிகழ்ந்தது, எவர் தூண்டினர், காரணம் யாது என்பன அதற்கு வேண்டா. இந்நிலம் யாருடையதாக இருந்தது, எவ்வகையால் அவர் கையினின்றும் நீங்கிற்று என்பதே வேண்டும். பதினைந்து ஆண்டுத் தாழ்வைக் காட்டி, உத்தமசோழன் தன் ஆட்சியில் குற்றவாளிகளை மறைத்தான் என்பாரும் உளர். நிலம் விற்கப்பட்ட ஆண்டு வேறு, தண்டனை பெற்ற ஆண்டு வேறு ஆதலும் கூடும் என்பதை அவர் எண்ணிற்றிலர்.

அறிஞர்களும் இவ்விடத்து மாறுபட்டனர். 1935இல் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில் நீலகண்ட சாத்திரியார், திருவாலங்காட்டுச் செப்பேட்டில் உத்தமசோழனின் அரசாசை குறிக்கப்பட்டிருத்தலைக் கொண்டு அவன்மேல் ஐயம் எழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சதாசிவப் பண்டாரத்தார் தம் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அவ்வையத்தை மறுத்தார். அதன் முதற் பகுதியைப் பல்கலைக்கழகம் 1949இல் வெளியிட்டது. கல்கியின் தொடர் அடுத்த ஆண்டு தொடங்கிற்று. யாம் பண்டாரத்தார் பக்கமே சார்கின்றோம். ஆசை உடையவன் என்பதொன்றே கொலைக்குச் சான்றாகாது. மேலும், உத்தமசோழனுக்குரிய மதுராந்தகன் என்னும் பெயரையே இராசராசன் தன் மகனுக்கும் இட்டுள்ளான். தமையனைக் கொன்றவன் என்று ஐயுறப்பட்டவன் பெயரை ஒருவன் தன் மகனுக்கு இடுவானா?

இங்கு ஒன்று கூறாமல் செல்லுதல் இயலாது. பிரமாதிராசன் என்னும் பட்டத்தைப் பற்றிக்கொண்டு ஒரு குலத்தார் அனைவர்மேலும் பழியேற்றுவார் இன்று உளர். அப்பழிக்கு அஞ்சிக் கல்வெட்டின் தெளிவான சொற்களையே மழுப்புவாரும் உளர். மூவர் செய்த குற்றத்திற்கு அவர்தம் மாமன்மார் வரை நிலமிழந்தமை பத்தாம் நூற்றாண்டின் அரச நீதி. ஆயிரம் ஆண்டு கழித்தும் அச்சுற்றத்தை நீட்டிக்கொண்டு போவது ஆராய்ச்சி ஆகாது.

கதைக்கு மீள்வோம். கல்வெட்டில் கொன்றவர் பெயர் உண்டு. அதனைக் கல்கி நன்கறிவார். இரவிதாசனையும் சோமனையும் கதைமாந்தராக்கிப் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாகப் படைத்தும் உள்ளார். அங்ஙனமாயின் எளிய முடிவு கையிலேயே இருந்தது. அதனை அவர் எழுதவில்லை. கொலை நிகழ்ந்தபின் கதையில் நிகழ்வது யாது? வந்தியத்தேவன்மேல் பழி விழுகின்றது. அவனைக் காக்கும்பொருட்டு மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகின்றாள். பெரிய பழுவேட்டரையர் தம் கையால் நேர்ந்ததென்று பழியைத் தாம் ஏற்கின்றார். துப்பறியும் கதையில் குற்றத்தை எல்லாரும் மறுப்பர். ஆசிரியன் ஒருவனைப் பிடித்துக் கொடுப்பான். இங்கோ, மறுக்க வேண்டியோர் ஏற்கின்றனர். 'கொன்றவர் யார்' என்னும் வினா, கற்போர் அறியாதவாறே, 'பழியைச் சுமப்பவர் யார்' என்னும் வினாவாக மாறிவிடுகின்றது. இறுதிப் பகுதிக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயரிட்டது அரியணையைத் துறந்த அருண்மொழியை மட்டும் கருதி அன்று என்பது எம் துணிபு.

இது தமிழுக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டியவன் குடிமயக்கமுடைய கல்லாத காவலன் ஒருவன். அவனுக்குப் பெயரில்லை. கண்ணகியும் அவனைத் தேடிச் சென்றிலள். பொற்கொல்லனின் சூழ்ச்சி வெளிப்பட்ட பின்னும், பாண்டியன் அவனைச் சுட்டித் தான் தப்ப முயலவில்லை. பழியைத் தனதாக்கி அரியணையிலேயே வீழ்ந்தான். வெட்டிய கை யாருடையது என்பது அக்காப்பியத்தில் அரைக் கணத்துச் செய்தி. பழி எங்குச் சென்று தங்குகின்றது என்பதே ஒரு காண்டத்தின் பொருள். பழுவேட்டரையரின் ஒப்புதலைப் படிக்கும்போது நெடுஞ்செழியன் நினைவிற்கு வாராதிருத்தல் அரிது.

இதனால் கல்கியின் முடிவு குறையற்றது என்று யாம் கூறவில்லை. ஓர் அறையில் இத்துணைப் பேர் மறைந்தும் மாறுவேடத்தில் நுழைந்தும் சுரங்கவழியே வந்தும் கூடுதல் வார இதழின் வற்புறுத்தலால் நேர்ந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கீடு வேண்டியிருந்தமையின், இருள் அளவுக்கு மீறிப் பயன்பட்டுள்ளது. வரலாற்றாசிரியர் முடிவு காணாத இடத்தில் கதையாசிரியரும் ஒதுங்கிக்கொண்டார் என்று கூறுவோர்க்கும் ஓரளவு இடமுண்டு. நூலின் முடிவுரையில், கதை திடீரென முடிந்துவிட்டதென்ற வாசகர் குறைக்கு அவரே விடைகூற நேர்ந்ததையும் மறத்தலாகாது. ஆயினும் வெறும் ஒதுக்கம், பழியேற்கும் இத்துணை ஒப்புதல்களை ஈன்றிராது. திரைப்படமோ இவ்விருளைப் பொறுக்கவில்லை. நந்தினியின்முன் இளவரசன் தானே சாவைத் தேடிக்கொள்வதாகக் காட்டி வழக்கை முடித்தது. அதனால் கரிகாலன் உயர்ந்தான். பழுவேட்டரையர் ஏற்பதற்குப் பழியில்லாது போயிற்று.

பழுவேட்டரையர் கூற்று மெய்யா, வந்தியத்தேவனை மீட்கக் கூறிய பொய்யா என்பதொன்றே நூலின் சொல்லுக்குள் நின்று ஊகிக்கத் தக்க வினா. பொய் என்று கொள்ளுதற்கு இடமுண்டு என்றே எமக்குப் படுகின்றது. குலப்பெருமையைத் தன் உயிரினும் மேலாகப் பேணிய ஒருவர் அப்பெருமையையே விலையாகக் கொடுப்பது, மெய்யைக் கூறுதலினும் பொய்யைக் கூறுதற்கே பெரிதும் பொருந்தும். இதனை உறுதிசெய்ய விழையும் முதுகலை மாணவர், கொலைக்கு முன்னும் பின்னும் உள்ள அத்தியாயங்களை இதழில் வந்தவாறும் நூலில் உள்ளவாறும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். உடையார்குடிக்கும் ஒருமுறை சென்று வருதல் நன்று. சிதம்பரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையலாம்.