போக மட்டுமா, வர வேண்டாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸில் தூரத்தை ‘போக வர எட்டு மைல்’ என்கிற மாதிரிதான் போடுவார்கள். திரும்பி வந்தால்தான் பந்தயம் முடியும். கார்களின் டிராக் ரேஸ் அப்படியல்ல. கால் மைல் நேர்சாலை, இரண்டு கார், ஒரு எல்லைக்கோடு. அதோடு கணக்கு முடிந்தது. ஓட்டியவர் திரும்பி வருவது யார் கணக்கு? இந்தப் பந்தயத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தளத்தில் கார் கிளம்பும்போதே டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கியர்பெட்டி வெடித்து, வலது பாதத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அந்தக் கால வண்டிகளில் என்ஜின் முன்னால், ஓட்டுநர் பின்னால், கியர்பெட்டி அவர் கால்களுக்கு நடுவே. எது வெடித்தாலும் முதல் அடி அவருக்கு. கியர்பெட்டியைச் சுற்றிய தகட்டைத் தடிமனாக்குவதோடு அவர் நின்றிருக்கலாம். அடுத்த ஆண்டே என்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு வந்து ஜெயித்தார். ஜெயித்ததால்தான் மற்றவர்களும் மாறினார்கள்.

2008 ஜூன் 21. நியூஜெர்ஸியின் இங்கிலிஷ்டவுனில் இன்னொரு டிராக் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டாவின் என்ஜின் எல்லைக்கோட்டருகே வெடித்தது. வண்டியை நிறுத்த உதவும் பாராசூட் கைகொடுக்கவில்லை. கார் தளத்தின் முனையைத் தாண்டிப் போய் மோதியது, அவர் பிழைக்கவில்லை. பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., அதிவேகப் பிரிவுகளின் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தது. துணிச்சலான முடிவுதான். ஆனால் மணிக்கு 300 மைலில் போகும் காருக்கு அந்த 320 அடி முக்கால் நொடிகூட இல்லை. சில ஆண்டுகளில் 1,000 அடிக்குள்ளேயே 330 மைலைத் தாண்டினார்கள். கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை வேகம் தின்றது. என்ஜின் வெடித்தால் எரிபொருளை நிறுத்திப் பாராசூட்டைத் தானே விரிக்கும் கருவி இதைவிடப் பெறுமதியானது. அது ஓட்டுநரின் கைக்காகக் காத்திருப்பதில்லை.

இனி நம் ஊர். கரிசலுக்கு நடுவே ஓடும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச்சாலையைப் பார்த்தால் இளவட்டங்களுக்குக் கால் பரபரப்பது இயல்பு. பட்டறையில் காருக்குள் குழாய் வளைத்துக் கூண்டு வெல்டிங் வைத்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. ஹெல்மெட்டும் தோள்பட்டை வாரும் இல்லாமல் கூண்டு மட்டும் இருந்தால், மோதும்போது அந்தக் குழாயே மண்டையை உடைக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் கவசம். சேர்ந்தாலும், நடுத்திட்டு இடைவெளியில் திரும்பும் டி.வி.எஸ். வண்டிக்கும் குறுக்கே போகும் ஆட்டுமந்தைக்கும் எந்தக் கவசம்? சாலையில் பந்தயம் விடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு தண்டிக்கிறது. சட்டம் விரட்டும், ஓட வேறு இடம் காட்டாது. தெருவில் ஓட்டியவர்களைத் தளத்துக்கு இழுக்கத்தான் வாலி பார்க்ஸ் 1951இல் என்.எச்.ஆர்.ஏ.வைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அப்படி ஓட இடம் தந்தது சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளம்; பிறகு இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது.

தளம் இருந்தால் போதுமா? 2023 ஜனவரி 8 அன்று அதே இருங்காட்டுக்கோட்டையில், வளைதளக் கார்ப் பந்தயத்தில், அனுபவசாலியான கே. இ. குமார் 59 வயதில் உயிரிழந்தார். இன்னொரு காரோடு உரசிய அவர் கார் தடம் விலகி வேலியில் மோதிக் கவிழ்ந்தது. முறையான தளமும் உயிருக்கு உத்தரவாதம் அல்ல.

ஆக, என் தீர்ப்பு இது. ஆபத்தை ஆளிடமிருந்து விலக்கும் மாற்றத்துக்கு முதல் மதிப்பெண். அதில் கார்லிட்ஸின் வண்டிக்கு இணையில்லை. கூண்டும் ஹெல்மெட்டும் வாரும் அடுத்த படி. பந்தயத் தூரத்தைக் குறைப்பது துணை மருந்து. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை ஒன்றுண்டு: ஓடிய தூரத்தைவிட நிற்கும் தூரம் நீளமாக, ஆளற்றதாக இருக்க வேண்டும். நான்குவழிச்சாலையில் அது கிடையாது. அங்கே எத்தனை லட்சம் செலவழித்துக் காரைத் தயார் செய்தாலும் அது போகத்தான் உதவும்; வர உதவாது.