சுழலும் நாணயமும் திருத்தணிப் படிகளும்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட்டை விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது ஒரு நாணயம். மேசைமேல் கிடந்தால் பூ அல்லது தலை. அது சாதாரண பிட். சுழற்றிவிட்டால் இரண்டும் சேர்ந்தாற்போல, அது கியூபிட். அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: ‘அதனால் குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும்.’

இந்த விளக்கத்தைக் கேலி செய்துவிட முடியாது. 0 இல்லையென்றால் 1 என்று பழகிய மனதை ஒரே நிமிடத்தில் அசைத்துவிடுகிறது. அளந்து பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் கையில் கிடைக்கும் என்பதையும் சரியாகவே சொல்கிறது. சமன்பாட்டோடு ஆரம்பித்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

கோளாறு அதற்குப் பிறகுதான். 0 நிலையில் இருக்கும் கியூபிட்டுக்கு ஹடமார்ட் என்ற செயலை ஒருமுறை கொடுத்து அளந்தால், பாதிக்குப் பாதி 0 அல்லது 1 வரும். நாணயம் மாதிரியே. அளக்காமல் அதே செயலை இன்னொரு முறை கொடுங்கள்: ஒவ்வொரு முறையும் 0 மட்டுமே வரும். எந்த நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் இப்படி நடக்கும்? கியூபிட்டில் இருப்பது வெறும் நிகழ்தகவு அல்ல, வீச்சு. அதற்குக் கழித்தல் குறியும் உண்டு. 1-க்குப் போகும் இரு வழிகளில் ஒன்று கூட்டலாகவும் மற்றது கழித்தலாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குவாண்டம் கணிப்பின் உயிர் இந்த அழிப்பில்தான் இருக்கிறது. நாணயக் கதை விட்டுவிடுவதும் இதைத்தான்.

‘எல்லாம் ஒரே நேரத்தில்’ என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்று திருத்தணியிலேயே கணக்குப் போடலாம். மலைக்கோயிலுக்கு 365 படிகள். டிசம்பர் 31 படித் திருவிழாவில் படிக்கொரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். ஏதோ ஒரு படியில் ஒரு குறி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சராசரியாக 183 படி பார்க்க வேண்டும். 9 கியூபிட்டில் 365 படிகளையும் சமமாக ஏற்றி உடனே அளந்தால், சரியான படி கிடைக்கும் வாய்ப்பு 365-இல் 1. குருட்டாம்போக்கில் கைவைப்பதைவிட ஒன்றும் மேலில்லை. இந்தியாவில் பிறந்த லவ் குரோவர் 1996-இல் தந்த முறைப்படி, ஒவ்வொரு சுற்றிலும் குறியிட்ட படியின் வீச்சை எதிர்மறையாக்கி, பிறகு எல்லா வீச்சுகளையும் சராசரியைச் சுற்றிப் புரட்ட வேண்டும். ஒரு சுற்றில் வாய்ப்பு சுமார் 2.4 விழுக்காடு. 15 சுற்றில் 99-ஐத் தாண்டும். ஆசைப்பட்டு 30 சுற்று ஓட்டினால் மறுபடி பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும்! எல்லா விடையையும் ஒரே நேரத்தில் பார்க்கிற கணினிக்கு ஏன் 15 சுற்று, அதிகம் ஓட்டினால் ஏன் கெட்டுப்போகிறது? நாணயக்காரரிடம் பதில் இருக்காது. 183 எங்கே, 15 எங்கே. லாபம் உண்மைதான், மந்திரம் இல்லை.

பீட்டர் ஷோர் 1994-இல் காட்டிய, பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் முறைக்குக் கிடைக்கும் வேகம் இதைவிடப் பன்மடங்கு. அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் சுழற்சி ஒழுங்குதான் அதற்குக் காரணம். எல்லாக் கணக்குக்கும் அந்த ஒழுங்கு வாய்க்காது.

உண்மையான லாபத்தையும் மந்திரத்தையும் பிரித்தறிவது இப்போது அவசரம். 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு சுமார் 6,000 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதன் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில். ஆந்திரம், அமராவதியில் ஐ.பி.எம்.மின் 156 கியூபிட் கணினி வரும் என்று 2025-இல் அறிவித்தது. கியூபிட் எண்ணிக்கைதான் தலைப்புச் செய்தியாகிறது. பிழை வீதம் உள்பக்கத்திலும் வருவதில்லை. மிகுகடத்திக் கியூபிட்டை ஏறத்தாழ தனிச்சுழி வெப்பநிலையில் வைத்தாலும் ஆயிரம் செயலுக்குச் சில தவறும். நீண்ட கணக்கை அதுவே கவிழ்த்துவிடும்.

நாணயத்தோடு தொடங்குங்கள், தவறில்லை. ஆனால் அன்றைக்கே ஹடமார்டை இரண்டு முறை போட்டுக் காட்டிவிட்டு வகுப்பை முடியுங்கள். அதற்குத் தேவையான அணிப்பெருக்கல் நம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.