கட்டிப்பிடித்தால் போதுமா?

2003இல் ராஜ்குமார் ஹிரானி எடுத்த இந்திப் படம் 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' அடுத்த ஆண்டே 'வசூல்ராஜா'வாகத் தமிழுக்கு வந்தது. மருத்துவக் கல்லூரி என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருகிற கதை இது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு கேள்வியை மறைத்து வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்க வைக்கிறது இந்திப் படம்.

படத்தில் சண்டை இரண்டு பேருக்குத்தான். நோயாளியிடம் மனசு ஒட்டக்கூடாது என்கிற டீன் ஒரு பக்கம். அன்பே வைத்தியம் என்கிற முன்னா மறுபக்கம். முதல் வருஷ மாணவன் முன்னா, நினைத்த நோயாளியிடம் போகிறான், தொடுகிறான். நிஜ வார்டில் அது நடக்காது. அங்கே படிக்கட்டு உண்டு. முதலில் பார்க்கணும், பிறகு கூட நின்று உதவணும், பெரியவர் மேற்பார்வையில் செய்யணும், கடைசியில்தான் தானாகச் செய்வது. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இதை எழுதியே வைத்திருக்கிறது. நோயாளியின் உயிரைக் காக்க இந்தப் படிக்கட்டு வேண்டும். அதில் தகராறு இல்லை.

அடுத்த படிக்கு யாரை ஏற்றுவது என்று சொல்கிற வாய் யாருடையது? தகராறு அங்கேதான். 'நீ வா, தையல் போடு' என்பது ஒருத்தனுக்கு. 'நீ கேஸ் ஷீட் எழுது' என்பது இன்னொருத்தனுக்கு. ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக இருந்துவிட்டு இருவரும் ஒரே சான்றிதழோடு வெளியே வருவார்கள். கைப்பழக்கம் மட்டும் ஒன்றாக இருக்காது. 'கோட்டாவுல வந்தவனுக்குக் கை வராது' என்று பிறகு சொல்லப்போவதும் அதே வாய்தான்.

இது கற்பனை இல்லை. தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு நடப்பதாக மாணவர்கள் சொன்னதை 2007இல் பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு படித்த பழங்குடிப் பெண் பாயல் தாட்வி உயிரை விட்டார். சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள், பிரசவம் பார்க்க விடவில்லை என்று மூத்த மாணவிகள் மூவர்மேல் குடும்பத்தார் குற்றம் சாட்டினர்.

இன்னொரு பக்கமும் உண்டு. மறுக்கிற அதே கை, ராத்திரி கேஷுவாலிட்டியில் பயிற்சி மருத்துவரைத் தனியாக விட்டுவிட்டும் போகும். அப்போது படுத்திருக்கிற உடம்பு யாருடையது? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத நம் ஜனங்களுடையது. அவங்க உடம்பில்தான் நாட்டின் மருத்துவம் கை பழகுகிறது. அவங்க பிள்ளை டாக்டருக்குப் படிக்க வந்தால் மட்டும் தள்ளி நில்லு என்கிறது.

இந்திப் படத்தில், தரை துடைக்கும் கிழவரை முன்னா கட்டிப்பிடிக்கிறான். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்குகிறது. கட்டிப்பிடித்த பிறகும் தரையைத் துடைப்பது அவர்தான். அன்பைக் கொடுக்கச் செலவில்லை. கத்தியைக் கையில் கொடுக்க வேண்டுமானால் அதிகாரத்தைப் பங்கு போட வேண்டும். அந்த இடத்தில் படம் பாட்டுப் பாடப் போய்விடுகிறது.

நமக்குக் கட்டிப்பிடி வைத்தியம் வேண்டாம். எந்த மாணவருக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டது, யார் மேற்பார்த்தது, எவருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்று ஒவ்வொரு வார்டிலும் எழுதிப் போடட்டும். படித்துவிட்டுப் பேசுவோம், திறமை யாருக்கு இல்லை என்று.