எக்ஸ்போசிங் மெஷின்: நொடிக்கணக்கு மட்டும் போதுமா?

லாரிக்குப் பேர்போன சங்ககிரியில் ஸ்டிக்கர், துணிப்பை அடிக்கிற ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. டியூப்லைட் பெட்டியைக் கழித்துவிட்டு எல்இடி மெஷின் கடனில் வாங்கலாமா என்று கேட்டார்கள். நிமிடக்கணக்கு நொடிக்கணக்காகும் என்பது விற்பவர் வாதம்.

நேரம் குறையலாம். ஆனா எமல்ஷன் எதுன்னு யாரும் கேக்கறதில்லை. இந்த எல்இடிகளில் பல 395–405 நானோமீட்டரிலேயே ஒளி தருபவை. போட்டோபாலிமருக்கு அது ஒத்துப்போகும். டயசோ கலக்கிற எமல்ஷனுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அவசரப்பட்டால் ஸ்குவீஜி பக்கம் வழவழவென்று நின்று, அடிக்கும்போது ஊசித்துளை விழும்.

சின்ன எழுத்து அடைபடுவதற்கும் விளக்கு மட்டுமே காரணமல்ல. பாசிட்டிவ் ஸ்கிரீனோடு ஒட்டாவிட்டால் இடுக்கில் ஒளி புகுந்துவிடும். ஸ்பாஞ்சும் செங்கல்லும் வைத்து அழுத்துவதைவிட வாக்யூம் மூடி மேல்.

டியூப் எரியுதேன்னும் நம்ப வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே புற ஊதா ஒளி குறைந்துவிடும். முதலில் டியூப் மாற்றி, ஒரே ஸ்கிரீனை அட்டையால் மறைத்து 1, 2, 3, 4 நிமிடம் எக்ஸ்போஸ் செய்து கழுவிப் பாருங்கள். வழவழப்பு நின்று, எழுத்தும் திறக்கிற பட்டை கிடைத்தால் கடன் தேவையில்லை.