குடையழகு

கருட சேவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வருடா வருடம் ஒரு தீர்ப்பு சொல்வார். “இந்த வருஷம் குடை சரியில்லடா. தூங்கிக்கிட்டே புடிச்சானுங்க.” சில வருடங்களில், “போன தடவைக்கு நடை தேவல.” பெருமாளுக்கு என்ன மாலை, என்ன நகை என்பதெல்லாம் அம்மாவின் துறை. அப்பா முப்பத்தைந்து வருடம் தறிக்குழியில் கால் வைத்து மிதித்தவர். நாடா போய்த் திரும்புவதில் கொஞ்சம் தாளம் பிசகினாலும் பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவார். அசைவுதான் அவர் கண்ணில் முதலில் படும்.

சின்ன வயதில் இதைப் பெரியவர்களின் வழக்கமான புலம்பல் என்றுதான் நினைத்தேன். மெக்கானிக்கல் படித்து, மென்பொருளில் விழுந்து, நவீன சிற்பம் பற்றி இரவுகளில் படிக்க ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. நான் நேரில் பார்த்த முதல் சிற்ப விமர்சகர் அப்பாதான்.

ஸ்ரீரங்கத்துக்கு நடையழகு, காஞ்சிக்குக் குடையழகு என்று ஒரு பேச்சு உண்டு. கவனித்தால், இரண்டுமே சிலையின் லட்சணத்தைச் சொல்லும் சொற்கள் இல்லை. சிலை கிளம்பி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது நிகழ்வதைச் சொல்பவை. கைனடிக் ஆர்ட், அதாவது அசைவையே ஊடகமாகக் கொண்ட கலை, என்று 20ஆம் நூற்றாண்டு பெயர் வைத்த ஒன்றை எடைபோட நம் தெருவில் இரண்டு சொற்கள் புழங்கிக்கொண்டிருந்தன. நம் கலை விமர்சனம்தான் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

*

இது பிடிபட ஒரு நண்பன் காரணம். சென்னையிலிருந்து வந்தவனை வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். விஜயநகரக் காலத்து மண்டபம். குதிரை வீரர்களை எல்லாம் தாண்டி, மூலையில் தொங்கும் கல் சங்கிலிக்குக் கீழே போய் நின்றுவிட்டான். ஒரே கல்லில் குடைந்தெடுத்த வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக. “மச்சி, இது ஆடுமா?” என்றான்.

ஆடும். ஆட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பொறியாளனாகப் பார்த்தால் அந்தச் சிற்பி செய்திருப்பது விசித்திரமான காரியம். கல்லுக்குள் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் வைத்திருக்கிறான். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இருந்த கல்லை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அசையும் சாத்தியம். பாரம் தாங்குவதற்கென்றே கட்டிய மண்டபத்தின் ஓரத்தில், எதையும் தாங்காமல் தொங்கும் கல். அதை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் கிளப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

நண்பன் உடனே, “கால்டர் எல்லாம் என்ன, நம்மாளு அப்பவே செஞ்சிட்டான்” என்றான். இந்த ‘அப்பவே’ நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. அதில் நான் நிற்க விரும்பவில்லை. கால்டர் செய்தது வேறு.

அலெக்சாண்டர் கால்டரும் மெக்கானிக்கல் ஆள்தான். 1919-இல் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் பட்டம் வாங்கியவர். 1930-இல் பாரிஸில் மோந்திரியானின் ஸ்டூடியோவுக்குப் போனவர், சுவரில் இருந்த வண்ணச் செவ்வகங்கள் அசைந்தால் நன்றாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தார். மோந்திரியான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் கால்டர் மோட்டாரும் கைப்பிடியும் வைத்து அசையும் சிற்பங்கள் செய்தபோது, அவற்றுக்கு ‘மொபைல்’ என்று பெயர் வைத்தவர் மார்செல் துஷாம். (நமக்கு மொபைல் என்றால் வேறு ஞாபகம். அதுவும் ஒரு வகையில் நம்மை அசையவிடாத சிற்பம்தான்.) சீக்கிரமே கால்டர் மோட்டாரை விட்டுக் காற்றுக்கு வந்தார். ஏன் என்பது கோடு எழுதுபவனுக்குச் சுலபமாகப் புரியும். மோட்டார் ஒரு லூப். மூன்று சுற்றுக்குப் பிறகு நாலாவது சுற்று என்னவென்று தெரிந்துவிடும். காற்று அப்படி இல்லை. கம்பியையும் தகட்டையும் சமன்செய்து தொங்கவிட்டுச் சிற்பி விலகிக்கொள்கிறான். அசைவு யாருடைய விருப்பமும் இல்லாமல் நடக்கிறது. நவீன சிற்பத்துக்குக் கால்டர் கொடுத்த பெரிய விடுதலை அதுதான்.

*

‘அப்பவே’ ஆட்கள் அடுத்து நடராஜரைக் கொண்டுவருவார்கள். 2004-இல் இந்திய அரசு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துக்குக் கொடுத்த 2 மீட்டர் நடராஜர் இணையத்தில் மாதம் ஒரு முறையாவது வலம்வரும். ரொதான் நடராஜரைப் பற்றி 1913-இல் எழுதினார், 1921-இல் அது அச்சானது. சென்னை அருங்காட்சியகத்துச் சிலைகளை அவர் புகைப்படங்களில்தான் பார்த்தார். உடம்பின் வளைவுகளில் ஓடும் உயிரை எழுதினார். அருமையான பார்வைதான். ஆனால் அது உறைந்த அசைவு பற்றிய பார்வை. உறைந்த சிலையின் உறைந்த படம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நான் பல தடவை நின்றிருக்கிறேன். அந்த வெண்கலக் கூடத்தில் எல்லோரும் முகம், கை, இடுப்பு என்று பார்ப்பார்கள். ஒரு தடவை பீடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பல பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கின்றன. கழி செருகித் தூக்குவதற்கும், கயிறு கட்டுவதற்கும். சிற்பி மெழுகில் உருவம் பிடிக்கும்போதே இது தெருவுக்குப் போகும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறான். நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உயரமும் நூற்றாண்டும் எழுதி ஒட்டியிருக்கிறோம். என்னைக் கேட்டால் அந்தத் துளைகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சிதம்பரத்தில் மூலவரான நடராஜரே ஆனியிலும் மார்கழியிலும் தேரேறி வெளியே வருகிறார். அப்போது ரொதான் ரசித்த உடம்பு பெரும்பாலும் தெரியாது. பட்டும் பூவும் மூடியிருக்கும். திருவாரூர் தியாகராஜருக்கு அலங்காரத்துக்கு நடுவே முகம்தான் காட்சி. ஆனால் அவர் புறப்பாட்டின் ஆட்டத்துக்கு அஜபா நடனம் என்று தனிப்பெயர் உண்டு. திருநள்ளாற்றில் உன்மத்த நடனம், வேதாரண்யத்தில் அம்சபாத நடனம். ஏழு விடங்கத் தலங்களுக்கும் ஏழு பெயர். ஆடுவது தூக்குபவர்களின் கால்கள், பெயர் சாமிக்கு. நம் மரபில் சிற்பம் நன்றாகத் தெரிந்தால் அசையாது, அசைந்தால் நன்றாகத் தெரியாது. உருவத்தை மூடிவிட்டு அசைவை மட்டும் பார்க்கக் கொடுக்கும் கலை இது. எங்கள் ஊர்த் தறியில் ஓடும் பட்டுக்கு அதிலும் ஒரு பங்கு இருக்கிறது.

*

வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. விடியும் முன்பே கோபுர வாசலில் கூட்டம். உள்ளிருந்து முதலில் வருவது வெளிச்சம், அப்புறம் குடைகள், அப்புறம்தான் கருடன். குடை சும்மா நிழலுக்கு இல்லை. தோளில் இருக்கும் வாகனம் ஒரு தாளத்தில் குலுங்கும். குடை அதற்கு அரைத் துடிப்பு பிந்தி ஏறி இறங்க வேண்டும். ரெண்டும் சேர்ந்தே குதித்தால் வெறும் பாரம் தூக்கும் காட்சி. அந்த அரைத் துடிப்பு சரியாக விழுந்தால், மேலே இருப்பவர் தன் விருப்பத்தில் வருவது போல இருக்கும். அப்பா ‘குடை சரியில்ல’ என்பது இதைத்தான்.

அந்த வாசலிலேயே இன்னொன்று நடக்கும். குடைகள் சட்டென்று சரிந்து பெருமாளை மறைத்துவிடும். சோளிங்கரில் தொட்டாச்சாரியார் என்று ஒரு பக்தர். ஒரு வருடம் வர முடியாமல் தவித்தவருக்கு, வரதர் அங்கேயே போய்க் காட்சி கொடுத்ததாக ஐதீகம். அந்த ஒரு கணம் அவர் இங்கே இல்லை. அதற்காகத்தான் மறைப்பு. எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிற்பத்தை இல்லாமல் ஆக்கிக் காட்டுவது! ஜான் திங்குலி 1960-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் தன் இயந்திரத்தைத் தானே உடைந்துபோகும்படி ஓடவிட்டார். அது ஒரு தடவை நடந்தது. இங்கே வருடா வருடம் ஒருவர் இல்லாமல் போய்த் திரும்பி வருகிறார்.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

கால்டருக்குக் காற்று, திங்குலிக்கு மோட்டார், நமக்குத் தோள். காற்றுக்குச் சாதி கிடையாது. யார் தோளில் கழி ஏறலாம், யார் வடத்தைத் தொடலாம், ஊர்வலம் எந்தத் தெரு முனையில் திரும்பிவிடும் என்பதெல்லாம் நெடுங்காலம் பிறப்பு தீர்மானித்தது. கண்டதேவியில் தேர் வடத்தைத் தலித்துகள் பிடிப்பது பற்றிய தகராறு 1998-இலிருந்து நீதிமன்றப் படியேறி, தேர் பல வருடம் ஓடாமலே நின்றது. நம் அசையும் சிற்பத்தின் வரலாற்றில் அந்த நின்ற தேருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1947 ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன்னால், உள்ளே போக முடியாதவர்கள் ஒரு வெண்கலத்தைப் பார்க்க இருந்த வழி அது வெளியே வரும் நாள்தான். அதுவும் அவர்கள் தெரு வழியாக வந்தால்.

அதனால்தான் ‘அப்பவே செஞ்சிட்டான்’ எனக்கு ஒத்துவரவில்லை. கால்டரின் மொபைலுக்கு முன் நிற்பவனிடம் யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. அது யாரையும் நோக்கி வருவதும் இல்லை. நம் உற்சவர் வருகிறார், அதனாலேயே யாரிடம் வரவில்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நடையழகைப் பேசும் விமர்சனம் வழித்தடத்தையும் பேச வேண்டும். ரெண்டும் ஒரே சிற்பத்தின் பாகங்கள்.

*

இப்போது அப்பாவுக்கு முட்டி வலி. கூட்டத்தில் நிற்க முடியாது. இந்த வருடம் என் ஃபோனில் நேரலை வைத்துக் கொடுத்தேன். கேமராக்காரர் பக்தியாக முகத்தையே ஜூம் செய்து பிடித்திருந்தார். மாலை, திருமுகம், மறுபடியும் திருமுகம். வாகனம் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

“என்னடா இவன், குடையையே காட்ட மாட்டேங்கறான்.”