அவிழ்வதற்கென்றே ஒரு முடிச்சு

மணிமங்கலம் சுடுகாட்டில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி முடிந்ததும் கைக்கு ஒரு கலயம் வருமே, அதன் வாயைச் சற்று நின்று பாருங்கள். துக்கத்தின் அவசரத்தில் யாரும் கவனிக்காத பேரழகு அங்கே இருக்கிறது.

முதலில் விளிம்பு. சக்கரத்தில் மண் சுழலும்போதே குயவர் விரலால் வெளிப்புறம் மடித்துவிட்ட மெல்லிய உதடு அது. அதனடியில் ஒடுங்கிய கழுத்து, வாயைக் கட்டும் நூல் வந்து அமர்வதற்கென்றே குழைந்து கொடுத்ததுபோல. எத்தனை சுற்று சுற்றினாலும் நூல் மேலே ஏறி நழுவாது. பசையும் வேண்டாம், அரக்கும் வேண்டாம். அந்த வளைவு ஒன்றே போதும்.

அடுத்து, வாயை மூடும் மண் மடக்கின்மேல் விரித்த வெள்ளைக் கோடித் துணி. பாலும் இளநீரும் பட்ட எலும்பில் ஈரம் தங்கியிருக்கும். செம்புச் சொம்பில் போட்டு இறுக்கித் திருகினால் அது உள்ளேயே புழுங்கும். சுட்ட மண்ணோ தன் நுண்துளைகளால் அதைப் பதமாக உறிஞ்சிக்கொள்ளும். பருத்தி அதை வெளியே விடும். எத்தனை இதமான காவல்!

ஒரகடத்து ஆலை வேலைக்கு வந்து இங்கேயே கண்மூடியவரின் அஸ்தியை, உறவினர் விமானத்தில் வடக்கே கொண்டுபோக நேர்வதுண்டு. அப்போது இந்த எளிமையின் அருமை கூடுகிறது. கனத்த உலோகத்தை எக்ஸ்ரே ஊடுருவாது; மண்ணும் மரமும் வழிவிடும். வழியில் சிந்தாதிருக்க, ஈரம் நன்றாகக் காய்ந்தபின் அஸ்தியை ஒரு பையிலிட்டுக் கலயத்தில் வைத்தால் போதும்.

இதற்கு நேர்மாறான மூடலும் உண்டு. ஆதிச்சநல்லூரின் பழங்கால இடுகாட்டில் 2004-இல் மீண்டும் அகழ்ந்தபோது, ஈமத் தாழியின்மேல் இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடியவை கிடைத்தன. எலும்புக்கூட்டோடு மண்ணுக்குள் நிலைக்க வேண்டிய தாழிகள் அவை. திறப்பது அந்த மூடலின் நோக்கமே அல்ல. கம்பீரமான மூடல்தான். நம் கலயத்துக்கோ கடலும் காவிரியும் காத்திருக்கின்றன.

அதனால்தான் அந்தக் கடைசி முடிச்சின்மேல் எனக்கு இவ்வளவு மயக்கம். ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் சுருக்கு அது. வண்டி குலுங்கினாலும் தாங்கும். இடுப்பளவு நீரில் நின்று, அழுகையில் விரல் நடுங்கும் மகனுக்கோ மகளுக்கோ உடனே இணங்கும். இறுகக் கட்டுவது பலருக்கும் வரும். எங்கே, யார் கையால் அவிழப்போகிறது என்பதை எண்ணிக் கட்டுவதல்லவா கைத்திறன்!