அருவியில் வெளுக்கும் சாயம்

ஒரு பதிவுமுறையின் தரத்தை முகத்தை வைத்து எடைபோடக் கூடாது. முகம் எதிலும் தேறிவிடும். அருவியைப் பிடிக்க வேண்டும், காற்றில் ஆடும் புளியமரத்தைப் பிடிக்க வேண்டும். எச்டிவி, ஏவிசிஎச்டி என்ற இரண்டு வீடியோ பதிவுமுறைகளின் சாயமும் வெளுப்பது அங்கேதான்.

2003இல் வந்த எச்டிவி, பழைய மினிடிவி நாடாவிலேயே எச்டி படத்தை ஏற்றியது. நாடா அதே, ஓடும் வேகம் அதே, விநாடிக்கு 25 மெகாபிட் என்ற அளவும் அதே. படமோ ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிது. நம் ஊர் 50i முறையில் 12 ஃபிரேமுக்கு ஒன்றுதான் முழுப்படம். மற்றவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். அகலத்திலும் 1440 புள்ளிதான்; காட்டும்போது 1920க்கு இழுத்துவிடும். அருவியில் மாறாத புள்ளி ஏது? கணக்கு உடைந்து, எச்டிவியின் எம்பெக்-2 சுருக்கமுறை கட்டங்கட்டமாகச் சிதறும்.

2006இல் சோனியும் பானசோனிக்கும் அறிவித்த ஏவிசிஎச்டி கெட்டிக்காரப் பிள்ளை. அதன் எச்.264 சுருக்கமுறை, அசைவை 4க்கு 4 புள்ளி வரை நறுக்கித் தேடும். 17 மெகாபிட்டிலேயே 1920 அகலத்தையும் எழுதிவிடும். கட்டங்களின் ஓரத்தை மழுப்ப ஒரு வடிகட்டியும் உண்டு. அதனால் திணறும்போது சிதறாமல் குழைகிறது: புளிய இலையெல்லாம் பச்சைக் கூழ். பார்ப்பவர் லென்ஸைச் சந்தேகிப்பார். என் ஓட்டு எச்டிவிக்குத்தான். சிதறினாலும், அங்கே இலை இருந்தது என்றாவது தெரிகிறது.

2009இல் வந்த ‘கிராங்க்: ஹை வோல்டேஜ்’ படத்துக்கு இரண்டையும் கலந்தார்கள்: நாடாவில் எச்டிவிக்கு கேனன் எக்ஸ்எச் ஏ1, நினைவக அட்டையில் ஏவிசிஎச்டிக்குக் கைக்கடக்கமான கேனன் எச்எஃப்10. அந்தப் பரபரப்பான வெட்டில் குழைவும் சிதறலும் கண்ணில் தங்குவதில்லை.

நாடாவின் பெரிய பலவீனம் டிராப்அவுட், அதாவது பதிவு அங்கங்கே விட்டுப்போவது. பழைய மினிடிவியில் ஓரிரு கட்டம் பழுதானதோடு போகும். எச்டிவியில் முழுப்படம் அடிபட்டால் அதை நம்பியிருந்த அரை விநாடியும் போச்சு. தாலி கட்டும் நேரமாகப் பார்த்து அது வந்தால் வீடியோக்காரர் பாடு திண்டாட்டம். நாடாவைக் கணினிக்கு ஏற்றவும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். எடுத்ததை முழுக்கப் பார்க்க வைத்த அந்தத் தாமதம் எனக்குப் பிடித்திருந்தது.

பானசோனிக்கின் டிவிசிபுரோ எச்டி என்ற பதிவுமுறைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 100 மெகாபிட், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும். நிறத் தகவலும் கூடுதல். 8 ஜிபி பி2 நினைவக அட்டையில் ஏறக்குறைய 8 நிமிடம்தான் அடங்கும். அருவிக்கு அது போதும்.